நெருக்கடியில் இருக்கும் உழவர் குடும்பங்களுக்கு வயல்வேலை உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும், வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டதாலோ இறந்துவிட்டதாலோ அறுவடையையும் களையெடுப்பையும் செய்து முடிக்க ஆளில்லாமல் நிற்கும் குடும்பங்களின் நிலத்தில், கூலி வாங்காமல் இறங்கி வேலை செய்யும் தன்னார்வலர்கள் நாங்கள். உதவி கேட்பவர்களும், எங்களுடன் வர விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

எங்கள் ஊரில் மொய்யாள் வழக்கம் இருக்கிறதே, வெளியாட்கள் எதற்கு?

பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இன்று நான் உன் கொல்லையில் (இந்தப் பக்கத்தில் வயலை அப்படித்தான் சொல்வோம்) ராகி அறுக்க வந்தால், நாளை மறுநாள் நீயோ உன் வீட்டாளோ என் கொல்லைக்கு வந்து அந்த நாளைத் தீர்க்க வேண்டும் என்பதே மொய்யாள். கன்னடம் புழங்கும் தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்தில் இதையே முய்யாளு என்கிறார்கள். கையில் காசில்லாத காலத்திலும் மானாவாரி நிலத்தில் வேலை தடைபடாமல் நடந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

ஆனால் கல்யாண வீட்டு மொய்யைப் போலவே இதுவும் கடன்தான். திருப்பிச் செய்யக்கூடியவர்களுக்கு இடையில்தான் அது ஓடும். கணவனைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடும் எழுந்து நடமாட முடியாத மாமியாரோடும் இருக்கும் ஒரு பெண்ணால் வாங்கிய ஆள்நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. முதல் பருவத்தில் பங்காளிகளும் பக்கத்துக் கொல்லைக்காரர்களும் கணக்குப் பார்க்காமல் வருவார்கள். அடுத்த பருவத்தில் யாரும் எதுவும் சொல்லாமலே, அந்தப் பெண் கூச்சப்பட்டு அழைக்காமல் விட்டுவிடுவார். நாங்கள் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வட்டத்திலிருந்து நழுவியிருந்தன. யாரும் அவர்களை வெளியே தள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே மழைக்கு விதைத்த ஊர் ஒரே வாரத்தில்தான் அறுவடைக்கு வரும். இளவட்டங்களில் பாதிப்பேர் பெங்களூருவிலும் திருப்பூரிலும் ஓசூர் ஆலைகளிலும் இருக்கும்போது, ஊரில் மிஞ்சியிருப்பவர்களுக்குத் தங்கள் கதிரை அறுத்து எடுக்கவே நாள் போதாது. ஆகவே மொய்யாளுக்கு மாற்றாக நாங்கள் வரவில்லை. அந்தக் கணக்கு ஒரு வீட்டுக்கு அறுந்துபோன இடத்தில், திருப்பிக் கேட்காத சில ஆள்நாட்களை வைப்பதுதான் எங்கள் வேலை.

யார் யாருக்கு உதவி கிடைக்கும்?

ஐந்து ஏக்கருக்கு மேல் இல்லாத, அதாவது சிறு, குறு விவசாயிகள் என்று கணக்கில் வருகிற குடும்பங்களை எடுத்துக்கொள்கிறோம். விபத்து, அறுவைச் சிகிச்சை, நீண்ட நோய், மரணம், பிரசவச் சிக்கல், தீ, வெள்ளம், யானையால் நேர்ந்த உயிரிழப்பு அல்லது காயம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் வீட்டின் உழைப்பு நின்றுபோயிருக்க வேண்டும். பட்டா கேட்பதில்லை. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர்களிடம் காட்டத் தாள் எதுவும் இருக்காது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே.

விலை வீழ்ச்சியும் நெருக்கடிதானே என்று தக்காளி விவசாயிகள் கேட்கிறார்கள். நெருக்கடிதான், மறுக்கவில்லை. ஆனால் பாலக்கோடு, இராயக்கோட்டை மண்டிகளில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத விலை ஓடும்போது, நாங்கள் இருபது பேர் வந்து இலவசமாகப் பறித்துக் கொடுத்தால் அதே மண்டிக்கு இன்னும் கொஞ்சம் சரக்குப் போகும், அவ்வளவுதான். அந்தச் சிக்கல் கையால் தீர்வதல்ல.

சாதி, கட்சி, மதம் பார்ப்பீர்களா?

இல்லை. எந்தத் தெருவில் வீடு இருந்தாலும் அந்தக் கொல்லையில் இறங்குவோம். அந்த வீட்டில் கொடுக்கும் தண்ணீரைக் குடிப்போம். இதற்கு உடன்படாதவர்கள் தன்னார்வலராகப் பதிந்துகொள்ள வேண்டாம். மொய்யாள் வட்டம் பெரும்பாலும் உறவுக்குள்ளும் தெருவுக்குள்ளும் அடங்கிவிடுவதால், நிலம் குறைவாகவும் உறவு தூரத்திலும் உள்ளவர்களுக்குத்தான் வெளியுதவி அதிகம் தேவைப்படுகிறது.

ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் கேட்டால் யாருக்கு முதலில் வருவீர்கள்?

பயிரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். யாருடைய துயரம் பெரியது என்று எடைபோட எங்களுக்குத் தகுதியில்லை. எந்தப் பயிர் காத்திருக்காது என்று மட்டும் எங்களால் சொல்ல முடியும்.

மிகக் குறைவாகக் காத்திருப்பது ஐந்தாம் பருவத்தில், அதாவது கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வளர்ச்சிக் கட்டத்தில் உள்ள பட்டுப்புழு. அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறோம். அடுத்து தக்காளியும் பூவும்: குண்டுமல்லியை அன்றன்று விடியலில் எடுக்க வேண்டும், தக்காளியை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் பழுத்து உதிர்வதோடு அடுத்த காய்களும் கெடும்.

நிலக்கடலை பார்வைக்குப் பொறுமைசாலி போலத் தெரியும், ஆனால் ஏமாற்றும். இங்கே பயிராகும் கொத்து ரகங்கள் ஏறத்தாழ 105 நாளில் முற்றிவிடும். தோட்டின் உட்புறம் கருத்துவிட்டால் முற்றியது என்று பொருள். அந்த ரகங்களின் விதைக்கு உறக்கக் காலம் கிடையாது என்பதால், முற்றிய பின் ஒரு நல்ல மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மழையே இல்லாமல் மண் இறுகினாலோ, செடியைப் பிடுங்கும்போது காய் அறுந்து உள்ளே தங்கிவிடும். தொடங்கிய புதிதில் நாங்கள் செய்த தவறு இதுதான். காய்ந்த செம்மண்ணில் ஆர்வக்கோளாறில் ஒரே காலையில் ஒரு ஏக்கரையும் பிடுங்கி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே மண்ணைக் கிளறி, விட்டுப்போன காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். உதவ வந்தவர்களால் அவருக்கு இரட்டை வேலை. இப்போது முதல் நாளே தண்ணீர் கட்டவோ, லேசான மழைக்குக் காத்திருக்கவோ சொல்லிவிட்டுத்தான் ஆள் அனுப்புகிறோம்.

ராகி சற்றுப் பொறுக்கும். ஆடி, ஆவணியில் விதைத்த மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில் கதிர் முற்றும்போது எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றுவதில்லை. தாய்க்கதிர் முதலில், பக்கக் கதிர் ஒரு வாரம் கழித்து. இரண்டு தடவை அறுப்பதே முறை. ஆனால் ஆள் கிடைக்காத வீட்டுக்கு இரண்டு தடவை என்பது ஆடம்பரம். ஆகவே ஒரே தடவையில் தாளோடு அறுத்துப் போராக அடுக்கிவிட்டு, கதிரடிப்பதைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதா என்பதை அந்த வீட்டாரிடமே விட்டுவிடுகிறோம். பக்குவமாக அடுக்கிய போர் சில வாரங்கள் தாங்கும். தாள் மாட்டுக்கும் வேண்டும். ராகிச் சால்களுக்கு நடுவே நிற்கும் அவரையையும் துவரையையும் களை என்று நினைத்து அறுத்துவிடக் கூடாது. அவை தை வரை நிற்க வேண்டியவை. நகரத்திலிருந்து வரும் ஒவ்வொரு புதிய குழுவுக்கும் இதை வரப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரவள்ளிக் கிழங்கை மண்ணுக்குள்ளேயே ஒரு மாதம் விட்டுவைத்தாலும் பெரிய நட்டமில்லை. அதனால் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கத்து மரவள்ளிக் குடும்பங்களைப் பட்டியலின் கடைசியில் வைக்கிறோம்; அவர்கள் எங்கள்மேல் வருத்தப்பட வேண்டாம். கரும்பு வெட்டுவது பழகிய ஆட்களின் வேலை, ஆலையின் வெட்டு உத்தரவைப் பொறுத்தது. அதில் நாங்கள் இறங்குவதில்லை. மாந்தோப்புகள் பெரும்பாலும் வியாபாரிகளுக்குக் காய்க்குத்தகை விடப்பட்டிருப்பதால், கிருஷ்ணகிரியில் மா அறுவடைக்கு எங்களை யாரும் அழைப்பது அரிது.

பட்டுப்புழு மனைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாமா?

வரக் கூடாது. புழு தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாட்களிலேயே தின்கிறது. அந்த நாட்களில் இரவு பகலாக இலை வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால் இரண்டே நாளில் மொத்த வளர்ப்பும் போய்விடும். ஆகவே உதவி மிகவும் தேவைப்படுகிற இடமும், தவறான ஆள் நுழைந்தால் மிகவும் கெடுகிற இடமும் இதுவே. புகையிலை, பீடி, கொசுவர்த்தி, நறுமணத் தைலம், பூச்சிமருந்து ஆகியவற்றில் எதன் சுவடும் உடம்பிலோ உடையிலோ இருக்கக் கூடாது. முந்தைய நாள் மருந்து தெளித்த தோட்டத்தில் வேலை செய்தவர் குளித்து உடை மாற்றியிருந்தாலும் மனைக்குள் அனுப்ப மாட்டோம். அவர் வெளியே நின்று இலை வெட்டலாம். வாசலில் பிளீச்சிங் தூள் கலந்த நீரில் கால் நனைத்து, கை கழுவி, புழுவைத் தாக்கும் ஊசி ஈ நுழையாதபடி கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டும். புழுவைச் சந்திரிகையில் (அது கூடு கட்டும் தட்டில்) ஏற்றவும், கூடு பிரிக்கவும் வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கூடு கட்டிய ஐந்தாறு நாட்களில் பிரித்துச் சந்தைக்குக் கொண்டுபோகாவிட்டால், உள்ளே உள்ள புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துவிடும்.

எனக்கு விவசாயம் தெரியாது. நான் வரலாமா?

தாராளமாக வரலாம், ஆனால் முதல் இரண்டு தடவை கருக்கரிவாள் கையில் கொடுக்க மாட்டோம். அறுத்த கதிரை அள்ளுவது, கடலைக்காய் ஆய்வது, சாக்குப் பிடிப்பது, தண்ணீர் கொண்டுவருவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது எல்லாமே வேலைதான். குனிந்து நிற்க முடியாத முதியவர்களுக்கு, மாசி, பங்குனியில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை இருக்கிறது. நிழலில் உட்கார்ந்தபடி செய்யலாம், அந்த வீட்டாரோடு பேசிக்கொண்டும் இருக்கலாம்.

பால் கறக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, புதுக் கைக்கு அது எளிதில் பால் விடுவதும் கிடையாது. கறப்பவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் வீட்டில் காலை, மாலை இரு வேளையும் சங்கத்துக்குப் பால் ஊற்ற ஒரே ஆள் ஒரு வாரம் தொடர்ந்து வர வேண்டும். ஆளை மாற்றி மாற்றி அனுப்பிப் பயனில்லை.

கூலி ஆட்களின் பிழைப்பை இது கெடுக்காதா?

கெடுக்கக்கூடும், அதனால்தான் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறோம். கூலி கொடுக்கும் வசதியுள்ள குடும்பத்துக்கு வருவதில்லை. ஏற்கெனவே ஆள் பேசிவிட்டவர்கள், இலவச ஆள் வருகிறது என்று அவர்களை நிறுத்தினால் நாங்களும் நின்றுவிடுவோம். அந்த ஊரில் கூலிக்குப் போகும் பெண்களிடம் முதலில் பேசிவிட்டே வருகிறோம். பல இடங்களில் அவர்களே, "அந்த வீட்டுக்கு நாங்களும் அரைநாள் வருகிறோம்" என்று சேர்ந்துகொள்கிறார்கள். நிலமே இல்லாத ஒரு கூலிக் குடும்பத்தில் உழைப்பவர் விழுந்துவிட்டால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுக்க அவர்களுக்குக் கதிர் இல்லை. அவர்கள் இழப்பது கூலியை, அதை எங்கள் அரிவாளால் ஈடுகட்ட முடியாது.

எந்த வேலைகளைச் செய்ய மாட்டீர்கள்?

பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிக்க மாட்டோம். மரம் ஏற மாட்டோம். கிணற்று மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட மாட்டோம். கதிரடிக்கும் இயந்திரத்தில் கதிர் ஊட்டுவது அதை ஓட்டுபவரின் வேலை. துப்பட்டா, முந்தானை, தளர்ந்த சட்டைக் கையோடு யாரும் அருகில் நிற்கக் கூடாது. ராகித் தாளைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தால் கதிரடிக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தில் ஊறிப்போன ஒன்று. இருசக்கர வண்டிகள் சறுக்கி விழுவதைப் பார்த்தபின் அதற்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டோம். களம் இல்லையென்றால் தார்ப்பாய் கொண்டுவருகிறோம். டிராக்டரோ அறுவடை இயந்திரமோ தேவையென்றால் வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கும்; அரசின் உழவன் கைபேசிச் செயலியில் பதிவு செய்ய உதவுவோம்.

பாம்பு கடித்தால்?

கடலைக் கொடியிலும் ராகிப் போரிலும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்யுங்கள். காலணி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிக்கக் கொண்டுபோவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

தளி, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் வருவீர்களா?

வருகிறோம், பகலில் மட்டும். ராகி முற்றும் காலத்தில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. காவல் பரணில் இரவு தங்க யாரையும் அனுப்ப மாட்டோம். மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் கொல்லையை விட்டு வெளியேறிவிட வேண்டும். யானை மிதித்த பயிருக்கு இழப்பீடு கேட்கப் போகிறீர்கள் என்றால், வனத்துறையினரும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து பார்க்கும் முன் எதையும் அப்புறப்படுத்த வேண்டாம். உதவி செய்யும் அவசரத்தில் நாங்கள் கொல்லையைச் சுத்தம் செய்துவிட்டால் அத்தாட்சியும் போய்விடும்.

மழையில் பயிர் சேதமாகிவிட்டது. முதலில் அறுக்கலாமா, அதிகாரிகளிடம் சொல்லலாமா?

காப்பீடு செய்திருந்தால் முதலில் சொல்லுங்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, நீர் தேங்குதல் போன்று தனி நிலத்துக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுத்துக் காயப்போட்ட கதிர் பருவம் தவறிய மழையிலோ புயலிலோ கெட்டாலும், அறுத்த 14 நாட்களுக்குள் என்றால் கேட்க இடமுண்டு. துக்கத்தில் இருக்கும் வீட்டில் மூன்று நாள் என்பது யாருக்கும் தெரியாமலே ஓடிவிடுவதால், எங்களை அழைத்தவுடன் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

இழவு நடந்த வீட்டுக்கு எப்போது வருவீர்கள்?

வீட்டார் சொல்லும் நாளில். கருமாதி முடியும் வரை கொல்லைக்கு ஆள் வரக் கூடாது என்று சில வீடுகளில் நினைப்பார்கள். சில வீடுகளில் மூன்றாம் நாளே, "கதிர் கொட்டுகிறது, வாருங்கள்" என்று அழைப்பார்கள். இரண்டும் சரியே. வேலைக்கு வந்தவர்கள் சாவைப் பற்றி விசாரிக்க வேண்டாம். எந்த மூலையிலிருந்து அறுக்கத் தொடங்குவது என்று கேட்டாலே போதும்.

இறந்தவர் பெயரில் நிலம் இருந்தால் தாள் வேலையும் சேர்ந்துகொள்ளும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால், தவணைக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை என்பதால் சங்கச் செயலாளரிடம் உடனே பேசிவிட வேண்டும். 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பரணையும் பெட்டியையும் தேடிப் பாருங்கள். இருந்தால் மரண உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அணுகலாம். ராகியை அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடவும் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களும் வங்கிக் கணக்கும் வேண்டும். 2025-26க்கு அறிவிக்கப்பட்ட ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். யார் பெயரில் போடுவது என்று தெரியாமல் வியாபாரிக்குக் குறைத்து விற்றுவிடும் கைம்பெண்கள் உண்டு. ஆகவே குழுவில் ஒருவர் அரிவாளுக்குப் பதிலாகக் கோப்போடு வருகிறார். அவர் வேலை அறுவடையைவிட நீண்டது.

வீட்டில் ஒருவர் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் இருக்கிறார். நீங்கள் பேசுவீர்களா?

நாங்கள் மனநல ஆலோசகர்கள் அல்ல, கூட உட்காருவோம். கடனைப் பற்றியும் சாவைப் பற்றியும் ஒருவர் பேசத் தொடங்கினால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். 104, 14416 ஆகிய இரு உதவி எண்களிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வெளிநாடுகளில் இப்படி உண்டா?

உண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 2005இல் தொடங்கிய ஃபார்ம் ரெஸ்க்யூ என்ற அமைப்பு, நோய், காயம், இயற்கைச் சீற்றத்தால் முடங்கிய குடும்பங்களுக்கு விதைப்பையும் அறுவடையையும் செய்து கொடுக்கிறது. அங்கே ஒரு குடும்பத்தின் நிலமே நூற்றுக்கணக்கான ஏக்கர் என்பதால், பெரிய இயந்திரங்களோடும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களோடும் வருகிறார்கள். நமக்கு ஒன்றரை ஏக்கர், கல்லும் சரிவும், நடுவே அவரைச் சால். இயந்திரம் இறங்காத இடத்தில் பத்துக் கைகள்தான் வேண்டியிருக்கிறது.

சாப்பாடு, பயணச் செலவு, கைம்மாறு?

சோறும் தூக்குப் போசியும் எங்களோடு வரும். அந்த வீட்டில் களியும் கொள்ளுச் சாறும் கொடுத்தால் மறுக்க வேண்டாம். விருந்து சமைக்க விடவும் வேண்டாம். புகைப்படம் எடுக்கக் கூடாது. வேறொரு வீட்டுக்கு ஒரு நாள் வருகிறேன் என்று பின்னாளில் அவர்களாகச் சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்போம். நாங்களாக நினைவூட்ட மாட்டோம்.

உதவி கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

குடும்பத்தாரோ, அக்கம்பக்கத்தாரோ, ஊர்ப் பள்ளி ஆசிரியரோ, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அந்த வீட்டாரின் சம்மதம் இருக்க வேண்டும். என்ன நடந்தது என்பதை இரண்டு வரியில் சொன்னால் போதும். பயிர் எது, எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மாடு எத்தனை, வண்டி எதுவரை வரும் என்பவற்றைச் சரியாகச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, விதைத்த நாளைக் கேட்டு வையுங்கள். தேதி நினைவில்லையென்றால், எந்த மழைக்கு விதைத்தது என்று கேளுங்கள். அதை வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.